தேனும் சாம்பலும்

கேக் மெத்தென்று இருப்பதற்கு முட்டையும் வெண்ணெயும்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தின் பழைய மடைப்பள்ளிக்காரன் இதைக் கேட்டால் சிரித்திருப்பான். அந்த ஊர் ‘லெப்கூகன்’ என்ற மசாலா கேக்குக்குப் பேர்போனது. அதன் பழைய வகையில் வெண்ணெய் கிடையாது. தேன், மாவு, பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், கொஞ்சம் சாம்பல் உப்பு, அவ்வளவுதான். மிருதுவாக்கும் வேலையை அவன் காலத்திடம் விட்டுவிட்டான்.

முதலில் தேனைச் சொல்ல வேண்டும். நூரம்பர்க்கைச் சுற்றிப் பெருங்காடு. மரத்தில் பொந்து செதுக்கித் தேனீ வளர்த்தவர்களுக்கு 1350-ல் நான்காம் சார்லஸ் சக்கரவர்த்தி சாசனம் கொடுத்தார். அவர்கள் குறுக்குவில் ஏந்தலாம்; சுங்கம் கட்ட வேண்டாம்; வழக்கு வந்தால் அவர்களுக்கென்று தனி நீதிமன்றம். தேன் எடுக்கிறவனுக்கு வில் எதற்கு? சக்கரவர்த்தி கூப்பிட்டால் வில்லாளியாகப் போகவேண்டும், அதற்காகத்தான். சர்க்கரை பணக்காரப் பண்டமாயிருந்த காலம் பாருங்கள், தேன்காரனுக்கு அத்தனை மவுசு.

மசாலா வெனிஸ் வழியாக வந்தது. அந்தச் சீமையில் ‘மிளகு’ என்பது மசாலாச் சாமான்கள் எல்லாவற்றுக்குமே பொதுப்பெயராக வழங்கிற்று. ஆகவே ‘மிளகுக் கேக்’ என்று பெயர் பெற்ற பண்டத்தில் பல சமயம் மிளகே இராது. நம் மலையாளக் கரைச் சரக்கு அங்கே பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தேனையும் மாவையும் பிசைந்து குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், போட்டுவைப்பார்கள். மெள்ளப் புளிப்பு ஏறும். பிறகு மரச்சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சிய உப்பைச் சேர்ப்பார்கள். அது நம் அப்பளக் காரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. புளிப்பும் காரமும் கலந்தால் வாயு கிளம்பும். அடுப்பில் மாவு உப்பும். புளிக்காத மாவில் போட்டாலோ சவுக்கார ருசிதான் மிஞ்சும். மான்கொம்பிலிருந்து எடுத்த இன்னோர் உப்பும் உண்டு. சாம்பல் உப்பு மாவை அகலத்தில் பரப்பும். கொம்பு உப்பு மேலே தூக்கும். ஆனால் அதன் நெடி வெளியேற வேண்டுமானால் பண்டம் மெல்லியதாக இருக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும், சுட்டெடுத்த அன்று கடித்தால் பல் வலிக்கும்! டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டோடு சில நாள் மூடிவைத்தால்தான் இளகும். மழைக்காலத்தில் வெல்லம் கசிகிறதல்லவா, அதே போலத் தேனும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நூரம்பர்க்கில் இந்தத் தொழில்காரன் ஒருவன் 1395-லேயே ஏட்டில் இடம் பெற்றுவிட்டான். ஆனால் ரொட்டிக்காரர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டது 1643-ல், முப்பதாண்டு யுத்தம் இன்னும் ஓயாத வேளையில். இதை வீம்பு என்று நான் சொல்லமாட்டேன். காலையில் சுட்டு மாலைக்குள் விற்றுவிடுகிறவனும், மாதக்கணக்கில் முதலை மாவில் முடக்கிவிட்டுக் காத்திருக்கிறவனும் எப்படி ஒரு சங்கத்தில் ஒத்துப்போவார்கள்?

1996 முதல் ஐரோப்பியச் சட்டப்படி நூரம்பர்க் நகர எல்லைக்குள் செய்ததற்கு மட்டுமே அந்த ஊர்ப்பெயர் உண்டு. இப்போது உயர்ந்த ரகம் ‘எலிஸன்’ என்பது. அதில் கொட்டைப் பருப்பு நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையக்கூடாது. மாவு 10 பங்குக்கு மிஞ்சக்கூடாது. கூழாக ஒட்டும் அதை மெல்லிய அப்பத்தகட்டின் மேல் வைத்துத்தான் சுடுகிறார்கள். முதல் நாளே மெத்தென்றிருக்கிறது. மாவே அநேகமாக இல்லாதபோது, புளிக்கவைத்துக் காத்திருக்க அங்கே என்ன இருக்கிறது?