நவுரு: பாஸ்பேட் ஆட்சியும் போர்க்கால நாடுகடத்தலும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் நவுருத் தீவை 1888-இல் ஜெர்மனி தன் உடைமையாக்கிக்கொண்டபோது, அதன் மண்ணில் உயர்தரப் பாஸ்பேட், அதாவது உரத்துக்கு மூலப்பொருளாகும் தாதுப்பாறை, குவிந்து கிடப்பதை எவரும் அறிந்திருக்கவில்லை. 1900-இல் அது கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் வெட்டியெடுக்கும் வேலை தொடங்கியபின், நிலத்துக்குரிய தீவினருக்கு டன்னுக்கு அரை பென்னி மட்டுமே கொடுக்கப்பட்டது.

முதல் உலகப்போரில் தீவைக் கைப்பற்றிய ஆஸ்திரேலியா, சர்வதேச சங்கம் அளித்த பொறுப்பாட்சியின் கீழ், பிரிட்டன், நியூசிலாந்து ஆகியவற்றின் சார்பிலும் அதை ஆண்டது. பொறுப்பாட்சி என்பது தோற்ற நாட்டின் குடியேற்றப் பகுதியை அங்குள்ள மக்களின் நலனுக்காக நிர்வகிக்கும் ஏற்பாடு. ஆனால் அந்தப் பொறுப்பாட்சி உறுதியாவதற்கு முன்பே, 1919-இல், மூன்று அரசுகளும் பாஸ்பேட்டை 42, 42, 16 விழுக்காடு எனத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மக்களின் நலன் அந்தப் பங்கீட்டுக்குப் பின்னால்தான் நின்றது என்பதை அடுத்த போர் காட்டிவிட்டது.

1942 பிப்ரவரியில், ஜப்பானியப் படை நெருங்கிவந்த நிலையில், பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று ஐரோப்பியரில் பெரும்பாலோரையும் சீனத் தொழிலாளர் பலரையும் ஏற்றிச் சென்றது. நவுரு மக்கள் கரையிலேயே விடப்பட்டனர். நிர்வாகி பிரெடெரிக் சாமர்ஸும் வேறு நால்வரும் அவர்களுடன் தங்க முன்வந்தனர். ஆகஸ்டில் வந்திறங்கிய ஜப்பானியர், தீவினரையும் வெளியிலிருந்து கொணர்ந்த தொழிலாளரையும் கொண்டு விமான ஓடுதளம் அமைத்தனர். அதன்மீது அமெரிக்க விமானங்கள் குண்டுவீசிய 1943 மார்ச்சில், அந்த ஐந்து ஆஸ்திரேலியரும் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு, வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லிப் படகில் ஏற்றப்பட்ட 39 தொழுநோயாளிகள் கடலில் மூழ்கடிக்கப்பட்டனர். இதைவிடக் கொடிய செயல் அத்தீவின் வரலாற்றில் இல்லை.

படையினரும் தொழிலாளரும் பெருக, உணவுக் கப்பல்களின் வரத்து குறைய, சுமார் 1,200 நவுரு மக்கள் கரோலின் தீவுகளைச் சேர்ந்த ட்ரக் என்னும் ஜப்பானியக் கடற்படைத் தளத்துக்கு நாடுகடத்தப்பட்டனர். அங்கே பசி, நோய், கட்டாய வேலை, குண்டுவீச்சு ஆகியவற்றுக்கு நூற்றுக்கணக்கானோர் பலியாக, 737 பேரே ஊர் திரும்பினர். 1,500 பேராவது இருந்தால்தான் இனம் நிலைக்கும் என்று நம்பி, அந்த எண்ணை எட்டிய 1932 அக்டோபர் 26-ஐ ‘அங்காம்’ என்ற பெயரில் கொண்டாடிவந்த சிறு சமூகம் அது. 1949-இல்தான் அந்த எண்ணை மீண்டும் அடைந்தது.

போருக்குப்பின் ஐ.நா.வின் அறங்காவல் ஆட்சி என்ற புதுப்பெயரில் பழைய மூன்று அரசுகளே ஆட்சியைத் தொடர, பாஸ்பேட் ஏற்றுமதியும் தொடர்ந்தது. ட்ரக்கில் சிறைப்பட்டவர்களில் ஒருவரான ஹேமர் டி ரோபர்ட் முதல் அதிபராக, நவுரு விடுதலை பெற்றது 1968 ஜனவரி 31 அன்று. நாடுகடத்தப்பட்டோர் 1946-இல் தாயகக் கரையில் கால்வைத்த நாளும் ஜனவரி 31 தான், அதை நினைந்தே விடுதலை நாளும் தேர்ந்தெடுக்கப்பட்டது.