ஐரோப்பியத் துப்பாக்கித் தொலைநோக்கிகள்: தரமும் மதிப்பும்

துப்பாக்கியின் மேல் பொருத்தி இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிகளில், ஜெர்மனியின் ட்சைஸ், ஷ்மிட் & பெண்டர், ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, 1898இல் வியன்னாவில் தொடங்கிய காலெஸ் ஆகிய நிறுவனங்களின் படைப்புகள் நெடுங்காலமாக உயர்தரத்தின் அளவுகோலாகக் கருதப்படுகின்றன. காட்டுப்பன்றியை அந்தியிலும் நிலவொளியிலும் பரண்மேல் காத்திருந்து வேட்டையாடும் நடு ஐரோப்பிய வழக்கமே இவற்றின் வடிவமைப்பைத் தீர்மானித்தது.

8x56 என்னும் குறியீட்டில் 8 உருப்பெருக்கத்தையும் 56 மில்லிமீட்டரில் முன்வில்லையின் விட்டத்தையும் குறிக்கின்றன. பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைக்கும் 7 மி.மீ., கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டமாகும். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ அவ்வளவு விரியும் என்றாலும் முதுமையில் அது சுருங்கிவிடுவதால், மூத்த வேட்டைக்காரர் பெரிய வில்லைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அவருக்கு முழுப் பயன் தருவதில்லை.

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியை எதிரொளித்து வீணாக்குவதால், பல வில்லைகள் கொண்ட கருவியில் இழப்பு பெருகுகிறது. 1935இல் ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இக்குறையைப் பெரிதும் போக்கியது. உருப்பெருக்கத்தையும் வில்லை விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காணும் ‘அந்தி எண்’ விளம்பரங்களில் இடம்பெற்றாலும், அது கண்ணாடியின் தரத்தையோ பூச்சையோ கணக்கில் கொள்ளாததால் அதை மட்டும் நம்பி வாங்குவது பிழையாகும்.

குறிப்புள்ளியை நகர்த்தும் திருகு, பலமுறை திருப்பியபின்னும் பழைய நிலைக்குச் சரியாகத் திரும்புகிறதா என்பதும், சுடும்போது எழும் அதிர்வை உட்பாகங்கள் தாங்குகின்றனவா என்பதும் ஒளித்தெளிவுக்கு இணையான சோதனைகளாகும். மங்கிய ஒளிக்கான பெரிய வில்லை தேவைப்படாததால், பகலில் மட்டும் சுடுபவருக்கு நடுத்தர விலைக் கருவியே பெரும்பாலும் போதுமானது.