ஜூலியா மார்கனின் காகிதங்கள்: எரிந்தவையும் எஞ்சியவையும்

சான் பிரான்சிஸ்கோவின் மெர்ச்சன்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், 13ஆம் மாடியில் நடத்திவந்த அலுவலகத்தை ஜூலியா மார்கன் 1951இல் மூடினார். அப்போது அவருக்கு வயது 79. பல வரைபடங்களைக் கட்டடச் சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்தார், மிஞ்சிய கோப்புகளை எரித்துவிடச் சொன்னார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்ட பெண்மணி என்ற படிமம் இதிலிருந்து பிறந்தது. ஆனால் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய கடிதங்களும் வரைபடங்களும் நிழற்படங்களும் இன்றும் இருக்கின்றன. அவற்றில் எந்தப் பகுதி நிறைவாக எஞ்சியது, அது அவருடைய வரலாற்றை எந்தப் பக்கம் சாய்த்தது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

மார்கன் 1872இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, எதிர்க்கரையிலுள்ள ஓக்லண்டில் வளர்ந்தார். 1894இல் பெர்க்லியில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றார். கட்டடக்கலைஞர் பெர்னார்ட் மேபெக்கின் தூண்டுதலால் 1896இல் பாரிஸ் சென்றார். அங்குள்ள புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியான எக்கோல் தே போஸார் அதுவரை பெண்களைச் சேர்த்ததில்லை. 1897இல் கதவு திறந்தபோதும் நுழைவுத்தேர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1898இல் மூன்றாம் முறை எழுதி 13ஆவது இடத்தில் தேறினார்.

நியூயார்க்கில் இருந்த உறவினரான கட்டடக்கலைஞர் பியேர் லெப்ரனுக்கும் அவர் மனைவிக்கும் பாரிஸிலிருந்து எழுதிய கடிதங்கள் இந்தச் சேமிப்பின் தனிச் சொத்து. இளம்பெண்களை ஊக்குவிக்கத் தேர்வாளர்களுக்கு விருப்பமில்லை என்று கேள்விப்பட்டதை அவற்றில் ஒன்றில் சொல்கிறார். புலம்பல் இல்லை, மீண்டும் எழுதப்போகிறேன் என்கிறார். அன்று முப்பது வயதுக்குமேல் அந்தப் பள்ளியில் போட்டியிட முடியாது. அந்த எல்லை நெருங்கிய வேளையில், 1902இல், அங்கே கட்டடக்கலைச் சான்றிதழ் பெற்ற முதல் பெண்ணானார்.

1904இல் கலிபோர்னியா மாநிலத்தின் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக்கலைஞராகித் தனி அலுவலகம் தொடங்கினார். அதே ஆண்டு ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் 72 அடி உயர மணிக்கூண்டை எழுப்பினார். அதற்குப் பயன்படுத்திய வலுவூட்டிய கான்கிரீட் அன்று புதுப்பொருள். பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1906 ஏப்ரல் 18 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோ சிதைந்தது, மணிக்கூண்டு அசையாமல் நின்றது. சேதமடைந்த ஃபேர்மான்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் பெரும்பணி பிறகு அவரிடம் வந்தது. பாரிஸ் சான்றிதழைவிட பெர்க்லியின் பொறியியல் பட்டமே அவருக்குச் சோறு போட்டது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஏறத்தாழ 700 கட்டடங்கள் அவர் கணக்கில் சேர்கின்றன. பெண்கள் அமைப்புகளுக்காகக் கட்டியவை அவற்றில் கணிசமானவை: பசிபிக் குரோவில் 1913இல் தொடங்கிய அசிலோமர் முகாம், ஹொனலுலுவின் ஒய்.டபிள்யூ.சி.ஏ. கட்டடம், சான் பிரான்சிஸ்கோ சீனர் குடியிருப்பிலுள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ., பெர்க்லி மகளிர் மன்றம். பெண்கள் தங்களுக்கென இடம் தேடிய காலத்தில், அந்த இடத்தை வரைந்து கட்டித்தர ஒரு பெண் இருந்தார்.

இவற்றையெல்லாம் மறைத்து நிற்கிறது ஒரு மாளிகை. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் 1919இல் மார்கனின் அலுவலகத்துக்கு வந்ததை, அங்கே வேலைபார்த்த வால்டர் ஸ்டீல்பெர்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சான் சிமியோன் குன்றில் கூடாரம் போட்டுத் தங்கிச் சலித்துவிட்டது, சிறிய பங்களா ஒன்று போதும் என்றாராம். அந்தப் பங்களா 165 அறைகளாக வளர்ந்தது. வேலை 1947வரை ஓய்ந்தபாடில்லை. நெப்டியூன் குளத்தைக் கட்டினார்கள், இடித்தார்கள், பெரிதாக்கிக் கட்டினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். வார இறுதிகளில் மார்கன் இரவு ரயிலில் சான் லூயிஸ் ஒபிஸ்போ வந்து, காரில் குன்றேறி, வேலையைப் பார்வையிட்டுத் திங்கட்கிழமை தம் அலுவலகத்துக்குத் திரும்புவார்.

ஹெர்ஸ்ட் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் கடிதமாகவும் தந்தியாகவும் வந்தது. மார்கனின் பதிலும் எழுத்தில் போனது. செலவு, ஆட்கள், ஓடு, செடி எதுவும் விடுபடவில்லை. ஓக்லண்டில் வீடு கட்டிய ஒரு குடும்பம் இப்படி எழுதிக் குவித்திருக்காது. நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருக்கும். கட்டடச் சொந்தக்காரர் எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு ஆவணம் பெருகுகிறது. மார்கனின் பெயர் ஹெர்ஸ்ட் மாளிகையோடு ஒட்டிக்கொண்டதற்கு அதன் பகட்டு ஒரு காரணம் என்றால், தந்தித் தாள்கள் மறு காரணம்.

1957இல் அவர் இறந்தபோது வரலாற்றாசிரியர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. பேட்டி கொடுக்காதவர், தம் பணியைப் பற்றி எழுதாதவர். அதோடு, நவீனத்துவம் கோலோச்சிய அந்த ஆண்டுகளில் பழைய பாணிகளைக் கையாண்ட எவருக்கும் மதிப்பில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெர்ஸ்ட் மாளிகையைப் பார்க்க வந்த வரலாற்று ஆசிரியை சாரா ஹோம்ஸ் பூட்டெல், இதைக் கட்டியது யார் என்று தேடத் தொடங்கினார். 1976இல் பெர்க்லியின் பேன்கிராஃப்ட் நூலகம் மார்கனோடு பணியாற்றியவர்களின் வாய்மொழிச் சான்றுகளை இரு தொகுதிகளாக்கியது. மார்கனின் சகோதரி மகனுடைய குடும்பம் காத்துவைத்திருந்த காகிதங்கள் 1980இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேர்ந்தன. பூட்டெலின் நூல் 1988இல் வந்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை 1907 முதல் வழங்கிவருகிறது. 2014இல்தான் அது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, மார்கனுக்கு, கிடைத்தது. அவர் இறந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எரிப்புக் கதையை அடக்கத்தின் அடையாளமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரைபடம் அந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பயன்படும் பொருள் என்று எண்ணிய பொறியாளரின் செயலாகவே அதைக் காண்கிறேன். குழாய் ஒழுகினால், சுவரை இடித்து மாற்ற வேண்டியிருந்தால், அந்தத் தாள் வேண்டும். அப்படியானால் மார்கனின் ஆவணக்காப்பகத்தின் பெரும்பகுதி எந்த நூலகத்துக்கும் வரவே இல்லை. அவர் கட்டிய சாதாரண வீடுகளின் பரண்களிலும் அலமாரிகளிலும் அதைத் தேட வேண்டியிருக்கிறது. மாளிகைக் கடிதங்களைப் படித்தவர்கள் பலர். இனி ஆய்வுக்கு வருபவர்கள் அந்த வீடுகளின் கதவைத் தட்டட்டும்.