புல்லுக்கு அடித்த மருந்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வெறுங்காலோடு வாசலில் பந்து விளையாடப் போய், அழுதுகொண்டே திரும்பினான். உள்ளங்கால் முழுக்கத் தொட்டாச்சிணுங்கி முள். எங்கள் தாமான் வீட்டின் முன்னால் இருப்பது ஒரு கார் நிற்கும் அளவு மாட்டுப்புல்தான். அதிலும் பாதியை அந்தச் செடி பிடித்துக்கொண்டது. உரக்கடைக்காரர் ஒரு போத்தலை எடுத்து வைத்தார். "இத அடிங்க சார். புல்லு நிக்கும், மத்ததெல்லாம் சுருண்டு போயிரும்." லேபிளில் 2,4-டி என்று போட்டிருந்தது.

அம்மா அந்தப் போத்தலைத் தொடவே இல்லை. "பாட்டி முதுகுல சுமந்தது போதாதா? நீயுமா?" என்றார்.

பாட்டி சுமந்தது வேறு மருந்து. ஆனாலும் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

புல்தரை என்பதே நம் ஊர்ச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் ஆடு மேய்ந்தோ அரிவாள் வைத்தோ பெரிய வீட்டுக்காரர்கள் வளர்த்த ஆடம்பரம் அது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரம் செய்தார். அதன்பின் நடுத்தர வர்க்கத்துக்கும் புல்தரை கைக்கு எட்டியது. புல்தரையோடு விளையாட்டுகளும் வந்தன. விம்பிள்டன் கிளப் 1868இல் தொடங்கியபோது அது குரோக்கே கிளப். 1874இல் வால்டர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கினார். துரைமார் இங்கே வந்தபோது இந்த ஆசையையும் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரில் 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் முன்னால் இருந்த திடலில் கிரிக்கெட் ஆடினார்கள்.

குளிர் நாடுகளில் வசந்தம் வந்தால் புல்லோடு சேர்ந்து மஞ்சள் பூப்பூக்கும் டேன்டிலயனும் முளைக்கும். மண்டியிட்டுக் கத்தியால் வேரோடு தோண்டுவதுதான் வழி. 1940களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகச் சில விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். செடி வளர்வதற்கு அதன் உடம்பிலேயே ஒரு ஹார்மோன் இருக்கிறது. அதைப்போலவே நடிக்கும் ரசாயனத்தைத் தெளித்தால், அகல இலைச் செடிகள் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, முறுக்கிக்கொண்டு, செத்துப்போகும். புல் இனம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். அதுதான் 2,4-டி. 1945இல் அமெரிக்காவில் அது கடைக்கு வந்தது.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வெள்ளை குளோவரின் கதை. அந்தக் காலத்தில் அமெரிக்கப் புல்தரை விதைப் பொட்டலங்களில் குளோவர் விதையையும் கலந்து விற்பார்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும். ஆனால் அதுவும் அகல இலைச் செடி. மருந்து பட்டதும் செத்தது. கொஞ்ச காலத்தில் குளோவரையும் களைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது இலவசமாகக் கொடுத்த நைட்ரஜனை இப்போது உர மூட்டையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மருந்து எதைக் கொல்லுமோ அது களை. நல்ல வியாபாரம்!

இது ஒரு பக்கம். இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்தது போர்க்காலத்தில். எதிரி நாட்டின் பயிரை அழிக்கலாமே என்ற யோசனையை சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா கிராஸ் சொன்னார். கேம்ப் டெட்ரிக் ராணுவ முகாமில் ரகசியமாகச் சோதித்தார்கள். பயன்படுத்துவதற்குள் போர் முடிந்துவிட்டது.

அந்த யோசனை நிறைவேறிய இடம் நம்முடைய மலாயா.

1948இல் அவசரகாலம் வந்தது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரேசர் மலைக்கு வார இறுதி ஓய்வுக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் வழியில் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். சாலையோரப் புதர்தான் பதுங்குபவர்களுக்கு மறைவு. 1952 ஜூன் முதல் அக்டோபர் வரை, தாக்குதல் நடக்கலாம் என்று நினைத்த இடங்களில் சுமார் 1,250 ஏக்கர் சாலையோரச் செடிகொடிகள் மீது மருந்து தெளித்தார்கள். பிறகு, ஆள் வைத்து வெட்டினாலே போதும் என்று கணக்குப் பார்த்து நிறுத்தினார்கள். மலாயாவில் ரசாயனத்தைவிட மனித முதுகு மலிவு என்பதை அரசாங்கக் கணக்கே சொல்கிறது.

1953 பிப்ரவரியில் டெம்ப்ளர் காலத்தில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். இந்த முறை குறி பயிர்கள். காட்டுக்குள் போராளிகள் போட்டிருந்த சர்க்கரைவள்ளி, சோளத் தோட்டங்கள் மீது ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் போய்த் தெளித்தார்கள். காட்டில் கிழங்கும் சோளமும் பயிரிடுவது ஓராங் அஸ்லி மக்களின் பிழைப்பும்தான். மேலே பறப்பவனுக்கு யாருடைய தோட்டம் என்று எப்படித் தெரியும்? தெளித்த மருந்துகளில் ஒன்றின் பெயர் ட்ரையோக்ஸோன். அதில் இருந்தது 2,4,5-டி. என் போத்தலில் இருப்பதன் உடன்பிறப்பு.

வியட்நாமில் இதையே செய்யலாமா என்று அமெரிக்கர்கள் யோசித்தபோது, பிரிட்டன் மலாயாவில் ஏற்கெனவே செய்திருக்கிறதே என்று முன்னுதாரணம் காட்டினார்கள். 2,4-டியையும் 2,4,5-டியையும் பாதிக்குப் பாதி கலந்ததுதான் ஏஜென்ட் ஆரஞ்சு. அதிலிருந்த டையாக்சின் விஷம் 2,4,5-டியோடு ஒட்டி வந்தது. வியட்நாம் உலகத்துக்குத் தெரியும். மலாயாவில் நடந்ததை நம் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் நான் படித்ததில்லை.

பாட்டிக்கு வருகிறேன். தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகாதவர்களுக்கு வெளிக்காட்டு வேலை. லாலான் வெட்டுவது, மருந்து அடிப்பது. ஆரம்பத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார் கொள்கை. மழையில் மேல்மண் கரைந்து போன பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளை வளர்க்க விட்டார்கள். லாலானுக்கு ஆர்சனிக் அடித்தார்கள். 1960களில் பாராகுவாட் வந்தது. செம்பனைக் காலத்தில் அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாட்டியும் ஒருத்தி.

"மருந்து முதுகுல வழியும்டா. ராத்திரி சோத்த பெசஞ்சா எரியும்" என்பாள். நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்றன. மண்டோர் கையுறை கொடுத்தானா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தாள்.

பாராகுவாட்டைக் குடித்துவிட்டால் முறிமருந்து கிடையாது. தோட்டங்களில் அதைக் குடித்துச் செத்தவர்களைத் தெரியாத குடும்பம் நம்மில் குறைவு. ஐரின் பெர்னாண்டசின் தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை 2002இல் அறிக்கையாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை அமலுக்கு வந்தது. அப்போது பாட்டி இல்லை.

2,4-டியும் பாராகுவாட்டும் ஒன்றல்ல. அளவோடு அடித்தால் ஆபத்து குறைவு என்று கடைக்காரர் சொன்னது பொய்யும் அல்ல. போத்தல் இன்னும் ஸ்டோர் ரூமில், மூடி திறக்காமல் இருக்கிறது.

நேற்று நல்ல மழை. மண் இளகியிருந்தது. அம்மா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய வாளியும் கொத்தும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நுனியப் புடிச்சு இழுக்காத, அறுந்துடும். அடிய லூசாக்கு" என்றார். அரை வாளிதான் தேறியது. மகன் செருப்புப் போட்டுக்கொண்டு பந்தோடு காத்திருந்தான்.