கேசாதிபாதமும் அங்காதிபாதமும்

சில மாதங்களுக்கு முன் கள்ளக்குறிச்சி, கருணாபுரத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். பள்ளி மாணவர்க்கான அறிவியல் போட்டி ஒன்றில் மனித உடலின் அமைப்பும் இயக்கமும் என்னும் தலைப்பில் பேசுவதற்காக ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். அவள் தேர்ந்துகொண்ட உறுப்பு கல்லீரல். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று அது.

ஏட்டின் பக்கங்களை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்திருந்தாள். வலப்புறம் பாடநூற் சொற்கள்: கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், பித்தப்பை. இடப்புறம் வீட்டிலும் கறிக்கடையிலும் புழங்குவன: ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய். (கடைசிச் சொல்லைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய வைத்திய ஏடுகளிலும் அது இருக்கிறதென்று சொன்ன பிறகே அடங்கினாள்.) “நடுவர் முன்னாடி எதைச் சொல்லணும், ஐயா?” என்று கேட்டாள். தமிழாசிரியனிடம் கேட்டால் விடை கிடைக்கும் என்று நம்பியிருக்கிறாள். எனக்கோ விடைக்கு முன் ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. இதே கேள்வியோடு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரின் பெயர்.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (யாழ்ப்பாணத்தார் எழுத்தில் கிறீன்) 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே 1848 முதல் உள்ளூர் இளைஞர்க்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றுத் தேறியவர்கள் அரசு உத்தியோகம் தேடி வெளியூர் செல்லக் கண்டார். ஊரில் தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் வேண்டுமாயின் ஊர்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1864 முதல் வகுப்பு தமிழில் நடந்தது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளியில் பயிற்றுமொழி ஆங்கிலமே என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மானிப்பாயில் அவரிடம் பயின்று வெளிவந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழருக்கு வாய்த்த மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர், தம் பணியில் மருத்துவத்தையும் மதத்தையும் பிரித்துப் பார்த்தவரல்லர். ஆயினும் அவர் செய்துவைத்த வேலை மதத்தைத் தாண்டி நிற்கிறது.

அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழில் தந்த நூல்களில் முந்தியது 1850களில் வந்த ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பு. சுகரணவாதம் அதன் இயக்கம். உற்பாலனம் அதைப் பேணுதல். இந்நூலின் மூலம் மருத்துவக் கல்லூரிக்குரிய பெருநூலன்று. கால்வின் கட்டர் என்ற மருத்துவர் அமெரிக்கப் பள்ளிகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் எழுதிய பாடப் புத்தகம். பத்திகளுக்கு எண்ணிட்டு, பக்கத்தின் அடியில் அவற்றுக்கான வினாக்களை அச்சிட்டிருப்பார்கள். போட்டிக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! தமிழுக்கு வந்த நவீன உடற்கூற்றியல், பள்ளிப் பிள்ளையின் கையேட்டிலிருந்து வந்தது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் படித்தவனின் காதில் வேறொன்று ஒலிக்கும். முடி முதல் அடி வரை வருணிக்கும் கேசாதிபாதமும், அடியிலிருந்து முடிக்கு ஏறும் பாதாதிகேசமும் நம் சிற்றிலக்கிய வகைகள். இரண்டிற்கும் உறவு உண்டென்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓசை உறவு ஒன்று இருக்கிறது. புலவன் தோலுக்கு மேல் நின்றுவிட்டான், கிரீனின் மாணாக்கர் தோலுக்குக் கீழே போனார்கள்.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்த வழி எளியது. முதலில் தமிழில் தேடு. இல்லையேல் வடமொழியில் தேடு. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைத்துக்கொள். அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ (1867) ஆனது. கிரேயின் புகழ்பெற்ற நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) ஆனது. வேதியியல் ‘கெமிஸ்தம்’ (1875) என்று வந்தது. இச்சொற்களில் பல நிலைக்கவில்லை. வழி நிலைத்தது. ஆனாலும் வடமொழியா தனித்தமிழா என்ற வழக்கு பின்னும் ஓயவில்லை. கல்வராயன் மலைக்கு மேற்கே சேலத்தில் 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்து இதழ் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. இன்று உடற்கூறியல், உடலியங்கியல் என்று நாம் இயல்பாகச் சொல்வதற்குப் பின்னே இத்தனை பேரின் சச்சரவு இருக்கிறது.

1873இல் ஊர் திரும்பிய கிரீன், வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். உடலியங்கியல் நூலான ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வந்தது. மறு ஆண்டு காலமானார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவரைக் கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி மீட்டெடுத்தார்.

மாணவியின் ஏட்டுக்கு வருகிறேன். அதைப் பலமுறை புரட்டிய பிறகே ஒன்று எனக்குப் புலப்பட்டது. இடப்புறப் பத்தியில் இருந்தவை எல்லாம் உறுப்புகளின் பெயர்கள். அங்காதிபாதத்துக்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது. ஆடு அறுப்பவருக்கும் அது தெரியும். சுகரணத்துக்கு இல்லை. உறுப்பு எங்கே இருக்கிறது என்பதை ஊர் அறியும். அது உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் இடங்களிலெல்லாம் இடப்புறம் வெறுமையாக இருந்தது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்தது அந்த வெற்றிடத்தில்தான் நடந்தது. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. குடி ஈரலைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த பழமொழி போன்றது. அது ஆண்டுக்கணக்கில் நிகழும் கேடு. மெத்தனாலின் கதை வேறு. கெட்டுப்போன ஈரல் கொல்வதில்லை. நன்றாக வேலை செய்யும் ஈரலே அதை நஞ்சாக்குகிறது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது பின்னர் ஃபார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலம் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. அமிலம் சேர்வதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூட ஆகும். அந்த இடைவெளியில் குடித்தவர் ‘ஒன்றுமில்லை’ என்று நம்பி வீட்டில் படுத்திருப்பார். முறிவு மருந்தான ஃபோமிபிசோல் செய்வது, அந்த நொதியை வேலை செய்யவிடாமல் தடுத்து நிறுத்துவது மட்டுமே. சேர்ந்துவிட்ட அமிலத்தை நீக்க இரத்தச் சுத்திகரிப்பு வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இலேயே வந்துவிட்டது. ஆனால் மருத்துவமனை வாசலை நேரத்தோடு மிதிக்க வேண்டும் என்ற அறிவு வீட்டில் இருக்க வேண்டியது. வீட்டு மொழியில் இருக்க வேண்டியது.

இதை அவளுக்கு நான் விளக்கவில்லை. அவள்தான், தன் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டறிந்து, எனக்கு விளக்கினாள். அவள் தடுமாறிய ஒரே இடம் நொதி என்ற சொல். அங்கே மட்டும் தமிழாசிரியன் உதவ முடிந்தது. நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குதல். என்ஸைம் என்ற சொல்லின் கிரேக்க வேரும் புளிமாவைத்தான் குறிக்கும். கல்வராயன் மலையில் மண்ணுக்குள் புதைக்கும் சாராய ஊறலும் நொதித்தல்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் ஏட்டைத் திருப்பி, நொதிக்கு எதிரே காலியாக இருந்த இடப்புறத்தில் ‘இட்லி மாவு ராத்திரியில் பொங்குவது இதனால்’ என்று எழுதிக்கொண்டாள்.