அடுப்பில் முளைத்த ஆம்பி: ஒரு சொல்லின் சமூக வரலாறு

அரசர் பெயர்களும் போர்க்களங்களின் பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றப்படுவது போல, அடுக்களைச் சொற்கள் போற்றப்படுவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் பெரும்பாலான மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய முற்படுவோர்க்கு, கல்வெட்டும் செப்பேடும் கூறாத செய்திகளைச் சில வேளைகளில் ஒரு சிறு சொல் கூறிவிடுகின்றது. காளானைக் குறிக்கச் சங்கச் சான்றோர் கையாண்ட 'ஆம்பி' அத்தகைய சொற்களுள் ஒன்றாகும். இன்று 'காளான்' என்பதே பொதுவழக்காகிவிட்டது. 'நாய்க்குடை' என்பது பெரும்பாலும் உண்ணத்தகாதவற்றைச் சுட்டுகின்றது. 'ஆம்பி' அகராதிகளிலும் பழைய நூல்களிலும் மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலும் வரும் 'ஆம்பி' காளான் அன்று. அது வயலுக்கு நீர் இறைக்கும் கருவி. ஏற்றம் முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் அக்கருவி, மருத நிலத்து வளத்தின் அடையாளமாகும். வடிவால் ஒன்றாயினும் பொருளால் வேறான இவ்விரு சொற்களையும் மயங்கக் கொள்ளலாகாது.

காளான் என்னும் பொருளில் இச்சொல் வரும் இடங்களுள் மூன்று இங்கு நோக்கத்தக்கன. அவற்றுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையிலே உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கோவலர் குடியிருப்பை வருணிக்குமிடத்து, உறையிட்ட தயிர் முகிழ்முகிழாகத் திரண்டிருக்கும் தோற்றத்துக்கு ஆம்பியின் வெண்ணிற முகையை உவமை கூறுகின்றார். அத்தயிரைக் கடையும் ஆய்மகள் மோரை விற்று உணவு பெறுகின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது எருமையையும் பசுவையும் பெறுகின்றாள். செல்வம் என்பது கால்நடையே என்று கருதிய முல்லை நிலத்து வாழ்வில், ஆம்பி நிறைவோடு சேர்ந்த உவமையாக அமைகின்றது.

ஏனைய இரண்டு இடங்களும் இதற்கு நேர்மாறானவை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையிலே, அண்மையில் ஈன்ற நாய், பாலற்ற முலையைக் குட்டிகள் பற்றுவதைப் பொறுக்காது குரைக்கின்றது. பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியில் உள்துளை கொண்ட காளான் பூத்திருக்கின்றது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கின்றாள். புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் இல்லத்து நிலையையே கூறுகின்றார். சமைத்தலை மறந்த அடுப்பிலே ஆம்பி முளைத்திருக்கின்றது. பாலற்ற தாயின் முலையைச் சுவைத்துக் குழந்தை அழுகின்றது. மனைவியின் கண்களில் நீர் நிறைகின்றது. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்த குமணனிடம் இதனைக் கூறியே அவர் பரிசில் வேண்டுகின்றார்.

இக்காட்சிகள் வெறுங் கற்பனையல்ல என்பதை இயற்கையறிவு உறுதிசெய்கின்றது. காளான் வளர்வதற்கு ஈரமும் மக்கிய பொருளும் வேண்டும். நாள்தோறும் தீ மூட்டப்படும் மண்ணடுப்பில் அவ்வீரம் தங்குவதில்லை. எனவே அடுப்பில் ஆம்பி பூத்தது என்பது, 'பல நாள் உலை வைக்கவில்லை' என்பதற்கு மறுக்கவியலாத சான்றாகும். கறையானையும் காளானையும் நத்தத்தனார் ஒருசேரக் கண்டமையும் கருதற்பாலது. கறையான் புற்றிலிருந்து எழும் உண்ணத்தகு காளான் வகைகள் உள்ளமை இன்று தாவரவியலார் நன்கறிந்த செய்தி. எனினும், கிணைமகள் கொய்தது கீரையையே என்பது நோக்கத்தக்கது. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் காளானை உண்ணவில்லை என முடிவுகட்டுதல் பொருந்தாது. இவ்விரு பாடல்களிலும் ஆம்பி உணவாக அன்றி, உணவின்மையின் குறியாகவே நிற்கின்றது என்று கூறுதலே அமையும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பரிசில் பெற வருவோர் வறுமையை மிகைப்படுத்திப் பாடுவது இலக்கிய மரபு. மரபை வரலாறாகக் கொள்ளலாமோ என்பர் சிலர். தடை நியாயமானதே. ஆனால், மரபு எதுவும் வெறுவெளியில் தோன்றுவதில்லை. அடுப்பில் பூத்த ஆம்பி எனக் கேட்டவுடன் அதன் பொருளைப் புரவலனும் அவையோரும் உணர்ந்தாலன்றி அக்கூற்றாற் பயனில்லை. கேட்போர் அனைவரும் விளக்கமின்றி உணரத்தக்க அளவுக்கு அணையடுப்பு அச்சமூகத்திற் பழக்கமான காட்சியாயிருந்தது என்பதற்கு அம்மரபே சான்றாகின்றது.

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பின்னர், சங்க காலம் தமிழரின் பொற்காலம் என்ற கருத்து வலுப்பெற்றது. அன்னியராட்சியின் கீழ்த் தன்மதிப்பை நாடிய ஒரு மக்கட்கூட்டத்துக்கு அக்கருத்து தேவைப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. எனினும், பேராசிரியர் க. கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) முதலிய நூல்களில் வற்புறுத்தியதுபோல, அவ்விலக்கியத்தை அதனை ஈன்ற சமூகத்தோடு பொருத்திக் காண்பதே ஆய்வுநெறியாகும்.

அவ்வாறு காணுமிடத்து, ஒரே வடிவுடைய இரு சொற்கள் அக்காலத்தின் இரு பக்கங்களையும் நம்முன் வைக்கின்றன. ஓர் ஆம்பி வயலுக்கு நீர் இறைத்தது. மற்றோர் ஆம்பி அவ்வயலின் நெல் சென்றடையாத அடுப்பிலே முளைத்தது. முன்னதை மட்டும் பேசி மகிழ்வது பெருமையாகலாம், வரலாறாகாது. நம் முன்னோரின் பெருமையைப் பாடிய புலவர்களே தம் அடுப்பின் நிலையையும் மறைக்காது பாடி வைத்தனர். அவர்கள் மறைக்காததை நாம் மறைத்தல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.