அசோகப் பட்டையும் அரிஷ்டமும்

மாதவிடாயின்போது குருதி அளவுக்கு மீறிப் போவதைத் தமிழ் மருத்துவம் ‘பெரும்பாடு’ என்றும், ஆயுர்வேதம் ‘ரக்தப் பிரதரம்’ என்றும் குறிக்கும். இந்நோய்க்கென வழங்கிய மூலிகைகளுள் அசோக மரத்தின் பட்டைக்குத் தனியிடம் உண்டு. சரக சம்ஹிதை அசோகை வலி தணிக்கும் பத்து மூலிகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அதன் பட்டையைப் பெரும்பாட்டுக்கு விதிக்கும் நூல்களுள், வங்கத்தைச் சேர்ந்த சக்ரபாணிதத்தர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த சிகிச்சை நூல் குறிப்பிடத்தக்கது. அந்நூல் கூறுவது பால்கஷாயம். பட்டையை நீரும் பாலும் கூட்டிக் காய்ச்சி, நீர் சுண்டிப் பால் மட்டும் நின்றதும் இறக்கி, ஆறவைத்துக் காலையில் பருகவேண்டும். மறுநாளுக்குத் தாங்காத மருந்து இது என்பதால், மரம் அருகிலும் அடுப்பு வீட்டிலும் இருந்தவர்களுக்கே பயன்பட்டிருக்கும்.

பிற்கால நூலாகிய பைஷஜ்ய ரத்னாவளி தரும் அசோகாரிஷ்டம் இந்த நிலையை மாற்றியது. அரிஷ்டம் என்பது மூலிகைகளைக் கொதிக்கவைத்த கஷாயத்தை வெல்லமிட்டு நொதிக்கவிட்டு எடுப்பது. 100 பலம் பட்டையை நீரிலிட்டு, அந்நீர் கால் பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி வடித்து, 200 பலம் வெல்லமும், நொதியைத் தூண்டுவதற்கு 16 பலம் காட்டாத்திப் பூவும், சீரகம், சுக்கு, கோரைக்கிழங்கு, மாங்கொட்டைப் பருப்பு, ஆடாதோடை முதலியவற்றின் பொடியும் சேர்த்து, ஒரு மாதம் மூடி வைப்பர். நொதித்தலில் தானே விளையும் சாராயம் மருந்தைக் கெடாமல் காப்பதால் அதைப் புட்டியில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்ப முடிந்தது. 1902இல் ஆயுர்வேத மருத்துவர் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை போன்ற நிறுவனங்கள் மரபு மருந்துகளை ஆயத்த நிலையில் விற்கத் தலைப்பட்டதும், வீட்டுப் பால்கஷாயம் மெல்ல வழக்கொழிந்தது எனக் கருதலாம்.

வணிகம் பெருகியதற்கு ஏற்ப மரம் பெருகவில்லை. பட்டைக்காக உரிக்கப்பட்டும் காடு சுருங்கியும் அருகிய அசோகை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. அந்த வெற்றிடத்தில் நுழைந்தது, வடநாட்டார் அசோகு என்றே அழைக்கும் நெட்டிலிங்கம். அசோகுக்குக் கூட்டிலையும் கொத்தான செம்மஞ்சள் பூவும் உண்டு. நெட்டிலிங்கத்துக்கு அலைவிளிம்புத் தனியிலையும் வெளிர்பச்சைப் பூவுமே. நிற்கும் மரத்தில் எவரும் காணும் இவ்வேறுபாடு, உலர்த்திப் பொடித்த பட்டையில் தெரிவதில்லை. சந்தைச் சரக்கில் கலப்பு மிகுந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ள நிலையில், தயாரிப்பாளர்கள் மூலப்பட்டையைச் சோதித்த சான்றைப் புட்டியுடன் வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.